மேலும் படிக்க

“‘நீ போய் முப்பது நாள் ஆகிறது. உன் மூக்குக் கண்ணாடியை இன்றும் துடைத்து வைத்தேன்.’ இந்த இடத்துல வெட்டிடுங்க,” என்றார் அவர்.

வலைத்தள வேலைக்கு வந்திருந்த பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன. அவருடைய வலைப்பூவில் எழுதுவதெல்லாம் வாசகர்களின் போனுக்குத் தானாகப் போய்ச் சேர ஃபீட் அமைத்துத் தர வந்திருந்தாள்.

உள்ளே நுழையும்போதே வாசலில் பெண்கள் போடும் செருப்பு ஒரு ஜோடியைப் பார்த்தாள். எடுத்து வைக்க மனசு வரவில்லை போலும் என்று இளகிப்போனாள். உள்ளறைக் கதவு சாத்தியே கிடந்தது. மனைவி போன துக்கத்தை அவர் எழுதி வைத்திருந்த பதிவைப் படித்தபோது அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“வெட்டறதுன்னா?”

“முழுசும் போன்லயே படிச்சிட்டா என் தளத்துக்கு எவன் வருவான்? அழுகை முட்டிக்கிட்டு வர்ற இடத்துல நிறுத்தி, ‘மேலும் படிக்க’ன்னு போடுங்க. அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவாங்க.”

சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு. கலங்கிய கண்ணை நினைத்துத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

“எத்தனை பேர் அழுதாங்கன்னு காட்டுமா?”

“எத்தனை பேர் படிச்சாங்கன்னு காட்டும் சார்.”

“அது போதும். மேல அவ போட்டோ ஒண்ணு வைங்க. சிரிக்கிற மாதிரி. அப்பத்தான் இன்னும் உருக்கமா இருக்கும்.”

முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டோவை ஏற்றினாள். சீக்கிரம் முடித்துவிட்டு இந்த வீட்டை விட்டு வெளியேறினால் போதும் என்றிருந்தது.

பதிவின் தேதி அடுத்த மாதம் என்று காட்டியது. தேதிகூடவா ஒழுங்காகப் போடத் தெரியாது இந்த ஆளுக்கு? அலுத்துக்கொண்டே இன்றைய தேதியாக மாற்றிச் சேமித்தாள்.

“முடிஞ்சுது சார். நேத்து ஆபீஸ்லேருந்து ‘பின்தொடர’ பொத்தான் வச்சேன் இல்ல, அதை ஒருத்தர் அழுத்தியிருக்காங்க. அவங்க போனுக்கு இப்பவே போயிடுச்சு.”

“எது போயிடுச்சு?”

“இந்தப் பதிவுதான்.”

அவர் முகம் வெளுத்தது. “அடுத்த மாசத் தேதி போட்டு வச்சிருந்தேனே! அன்னிக்குத்தானே அது வெளியே போகணும்!”

“தப்பா இருக்குன்னு நான்தான் திருத்தினேன்.”

“உங்களை யாரு திருத்தச் சொன்னது? அழிங்க, உடனே அழிங்க!”

அழித்தாள். “தளத்துலேருந்து எடுத்தாச்சு சார். ஆனா போன்ல போன நாலு வரி போனதுதான். திருப்பி வாங்க முடியாது.”

“யாரு அந்த ஒருத்தர்?”

“பேர் காட்டாது.”

அவர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குள் உள்ளறைக் கதவு மெல்லத் திறந்தது. மருந்து நெடி கூடம் முழுக்கப் பரவியது. நிலையைப் பிடித்துக்கொண்டு, கையில் போனோடு, போட்டோவில் சிரித்த அதே முகம் நின்றது.

“ஏங்க, நான் போய் முப்பது நாள் ஆச்சாமே... மீதியைக் காணோமே?”