பதினேழாம் மனை

மூலைக்கல்லுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு பச்சையம்மாள் மனைக்குள் கால் வைத்தாள். உச்சி வெயிலில் தரை கொதித்தது. அஸ்திவாரம் தோண்டும் கடைக்கால் பூசைக்கு இவ்வளவு பயபக்தியா என்று கலைச்செல்வன் வியந்தான்.

செந்துறைப் பக்கம் விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, மனை விற்கும் அவனுக்கு நிற்க நேரமில்லை. லாட்ஜுக்கும் கடைக்கும் என்று மனைகள் போய்க்கொண்டிருந்தன. ஒரே ஒரு பயம்தான் அவனைத் தின்றது. மனைகள் இருக்கும் அந்த இடம் முன்பு சுண்ணாம்புக்கல் குழி. ஆறு வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனை போட முதலாளி அவசரப்படுத்தியதால் தண்ணீர் நின்ற குழியை அவன்தான் ஆள் வைத்து மூடினான். தெரிந்தால் வாங்கியவர்கள் அவனை உயிரோடு விடமாட்டார்கள்.

பதினேழாம் மனைதான் ஆழமான மூலை. மழை பெய்தால் இன்னும் உள்வாங்கும். பூங்காவுக்கு விட்டுவிடச் சொன்ன முதலாளியே, விலை ஏறியதும் விற்கச் சொல்லிவிட்டார்.

ரோட்டோர மனைகளைக் காட்டியும் பச்சையம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. தா.பழூர் வயலை விற்று, இந்த மூலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினாள். வீட்டுக்காரர் வரவில்லையா என்று பத்திர ஆபீசில் அவன் கேட்டதற்கு, அவர் வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது என்றாள். எவளோடோ ஓடிப்போனவர் போலிருக்கிறது என்று அவனும் மேலே கேட்கவில்லை.

"என்ன கடை போடப் போறீங்கக்கா?"

அவள் மஞ்சப்பையிலிருந்து சூடத்தை எடுத்துக் கொளுத்தினாள். அந்த நேரம் ஒரு பொக்லைன் உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. ஓட்டி வந்தவன் கருப்பண்ணன். அன்றைக்குக் குழியை மூடியவர்களில் ஒருவன். கலைச்செல்வனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எத்தனை அடி தோண்ட வேண்டும் என்று கருப்பண்ணன் கேட்க, நாற்பது என்றாள் பச்சையம்மாள். குழியின் ஆழம் சரியாக அதுதான். கலைச்செல்வன் குறுக்கே வந்து நின்றான். எப்படியாவது தடுத்துவிட வேண்டும்.

"கடைக்காலுக்கு நாலடி போதுங்கக்கா. கீழ வெறும் மண்ணுதான்."

பச்சையம்மாள் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கீழ எங்க வூட்டுக்காரரு டிப்பர் லாரியோட கெடக்குறாரு, தம்பி."