ரைகர் செய்த வேலை

"நமசிவாயம்! உம்மடை ரைகர் செய்த வேலையை வந்து பாரும்!"

விடிந்தும் விடியாமலும் குணலட்சுமி வேலிக்கு மேலால் கத்தினாள். உடுப்பிட்டி ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

விசயம் லைக்கா. ரஷ்யாக்காரன் நாயை ஆகாயத்துக்கு அனுப்பின வருசம் பிறந்து, அந்த நாயின் பேரையே வாங்கின அவளுடைய பெட்டை நாய். இவ்வளவு காலமும் கன்னியாய்க் கட்டிக் காக்கப்பட்டவளுக்கு இப்போது வயிறு பானை போல ஊதிக் கிடந்தது.

வேலியில் நாய் நுழையுமளவு ஒரு பொட்டு. அந்தப் பக்கம் நமசிவாயத்தின் ஆண்நாய் ரைகர். வேறென்ன சாட்சி வேணும்? ரைகரை அவள் கல்லெறி தூரத்தில் மட்டுமே கண்டவள், அதுவும் கல்லோடுதான். நமசிவாயம் வேலிக் கதியாலை அவளுடைய காணிக்குள் தள்ளி நட்டான் என்று போன வருசம் தொடங்கின கோபம் அது.

நமசிவாயம் பொட்டடியில் குந்தி லைக்காவை உற்றுப் பார்த்தான்.

"அக்கா, உது பிள்ளைத்தாச்சி வயிறில்லை. தண்ணி கூடக் குடிக்குதோ?"

"வாளி வாளியாய்க் குடிக்குது. மசக்கை!"

"சாப்பாடு?"

"தொடுறதில்லை. அதுவும் மசக்கைதான்."

"பின்பக்கத்தாலை சீழ் வடியுது அக்கா. எங்கடை பழைய பெட்டையும் உப்பிடித்தான் செத்தது. டொக்குத்தரிட்டைக் காட்டுங்கோ."

"நல்லாயிருக்கு உம்மடை கதை! உம்மடை நாய் தப்ப என்ரை நாய்க்கு வருத்தமோ? மாட்டு டொக்குத்தர் ஊசி போட்டுக் கலைக்கவோ? பிள்ளைப்பேத்துக்கு மிளகு, மஞ்சள் எண்டு சரக்கும் இடிச்சு வைச்சிட்டன். போம், போய் வேலியை அடைச்சு விடும்!"

அடுத்த நாள் காலை படலை திறந்த சத்தம் கேட்டது. நமசிவாயம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா, மறைச்சுப் பிரயோசனமில்லை. ரைகர்தான்."

"ஆ! வந்துதே வாயாலை உண்மை!"

"கண்ணாலை கண்டனான். வெக்கத்திலை சொல்லேல்லை. இனி நாங்கள் சம்பந்திகள். லைக்காவுக்கு வயதும் போட்டுது, தலைப்பேறு. மாப்பிள்ளைப் பகுதிதானே பொறுப்பெடுக்கவேணும்? கார் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறன். ஒருக்கால் காட்டிப்போட்டு வருவம்."

குணலட்சுமிக்கு வாயெல்லாம் பல்லு. ஒரு வருசச் சண்டையை ஒரே சொல்லில் வென்றால் வேறென்ன செய்யும்? நல்ல சேலையாய்ப் பார்த்து உடுத்துக்கொண்டு லைக்காவோடு காரில் ஏறினாள். வழி நெடுக உபதேசம்.

"வேலியை ஒழுங்காய் அடைச்சிருந்தால் இந்த மானக்கேடு வருமோ?"

"வராதக்கா."

"ஆண்நாயெண்டால் கட்டி வளர்க்கவேணும்."

"ஓமக்கா."

மாட்டு டொக்குத்தர் லைக்காவின் வயிற்றில் கை வைத்தார். முகம் மாறியது. உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

குணலட்சுமிக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. வெளியே வாங்குப் பலகையில் குந்திச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். 'பிள்ளையாரே, எனக்குக் குட்டி ஒண்டும் வேண்டாம். லைக்காவைத் தந்தால் காணும்.'

நெடுநேரம் கழித்து டொக்குத்தர் கை துடைத்தபடி வந்தார்.

"தப்பிட்டுது. குட்டியுமில்லை, ஒண்டுமில்லை. கர்ப்பப்பை முழுக்கச் சீழ். எடுத்துப்போட்டன். இண்டைக்குக் கொண்டு வராட்டில் உள்ளுக்கை வெடிச்சுச் செத்திருக்கும்."

குணலட்சுமி அழுதாள், சிரித்தாள், பிறகு திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அப்ப... ரைகர்?"

நமசிவாயம் மதிலில் இருந்த காகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆர், இவரின்ரை ரைகரோ?" டொக்குத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். "உவனாலை ஒரு குட்டியும் பிறவாதம்மா! சின்னனிலேயே நானெல்லோ உவனை விதையெடுத்து நலமடிச்சு விட்டனான். உவன்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதே இவர்தான்!"