இரண்டடி பின்னால்

கல்யாணமான நாள்முதல் சிதம்பரவல்லி புருஷனுக்கு இரண்டடி பின்னால்தான் நடப்பாள், காய்கறிப் பையோடு, தெருவுக்கே தெரியும். பனிமலையும் ஏரியுமாக இருந்த வெளிநாட்டில் இருவரும் மாரத்தான் ஓடியபோதும் அதே கதைதான். செண்பகராமனுக்கு நாக்குத் தள்ளியது. அவளுக்கு மூச்சே வாங்கவில்லை. ஒருதடவையாவது முந்திவிடக் கால் துடித்தது. அவர் முகம் வாடிவிடுமே என்று மனசு பிடித்து இழுத்தது. முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் மனுஷன் சட்டென்று குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

“நீ போயேன்டி, எனக்கு நேரமாகும்.”

“கட்டிட்டு வாங்க, நிக்கறேன்.”

“முடிச்சே விழ மாட்டேங்குதுடி. போ.”

இவ்வளவு மோசமாக அவர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே, பையில்லாத கைகளை வீசி அவரைத் தாண்டினாள். கோட்டின்மேல் ஒரு காலை வைத்துத் திரும்பிப் பார்த்தாள். அவர் அடுத்த ஷூவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.