ஒரே இழுப்பில்

ஜெசிந்தா வீட்டுக் கணினியில் மங்கலான படங்களை அழிக்கும் வேலை மவுஸுக்கு வந்தது. மூலைக்கு மூலை ஒரே இழுப்பில் அது கட்டம் போட்டது. உள்ளே அகப்பட்ட படங்களெல்லாம் நீலமாயின.

“அண்ணே, நடுவுல ஒண்ணு தெளிவா இருக்கு,” என்றது கண்ட்ரோல் பட்டன். “நான் அமுங்கிக்கிறேன். அதை மட்டும் ஒரு தட்டு தட்டுங்க, விலகிக்கும்.”

“ஒண்ணுக்காக நின்னா வேலை ஓடுமா?” என்றது மவுஸ். நீலமான அத்தனையும் அடியோடு அழிந்தன.

மறுநாள் ஜெசிந்தா தேடித் தேடி ஓய்ந்தாள். “அப்பா சிரிச்ச படம் அது ஒண்ணுதான். அவர் போனபிறகு இனி எங்கே எடுக்க?”

மவுஸ் அந்தப் படம் இருந்த இடத்தைத் தேடிப் போனது. அங்கே வெற்றிடம்கூட இல்லை. மிச்சப் படங்கள் நகர்ந்து வந்து நெருக்கமாக உட்கார்ந்திருந்தன.