புளியங்கட்டை

வெந்நீர் அடுப்புக்கு விறகு பிளக்க, வீட்டுக்குப் பின்னால் வாகான இடம் ஒதுக்கினான் சுடலைமணி. அடியில் வைத்துப் பிளப்பதற்கு உத்தனப்பள்ளி திம்மராயன் தன் தோட்டத்திலிருந்து பெரிய புளியங்கட்டை ஒன்றைக் கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை அவரே போன் செய்தார்.

"தம்பி, அந்தக் கட்டையில ஆணி ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"மூணு இருந்துச்சுண்ணே. கோடாலி மழுங்கிருமேன்னு இப்பத்தான் பிடுங்கிப் போட்டேன்."

"ஐயோ! பேய் ஓட்டறப்ப, ஆணிக்கு ஒரு பேயா அந்த மரத்துல அறைஞ்சு வெச்சிருந்தாங்களாம். எனக்கே இப்பத்தான் சொன்னாங்க."

"இந்தக் காலத்துல போயி..." சுடலைமணி சிரித்தான்.

உள்ளேயிருந்து மனைவி வினிதா கூப்பிட்டாள்.

"ஏங்க, யாரோ மூணு பொம்பளைங்க வந்து உக்காந்திருக்காங்க. நீங்க பெரிய உதவி பண்ணினீங்களாமே? நன்றி சொல்லிட்டு, இனிமே இங்கயே தங்கிக்கிறாங்களாம்."