மைனா மனப்பாடம் பண்ணின ஆல்பம்

எந்த ஊருன்னு கேக்காதீங்க, மறந்துபோச்சு. பெத்தண்ணன்னு ஒரு தவளை, சின்னான்னு ஒரு சுவர்க்கோழிப் பூச்சி. ரெண்டும் சேந்து பாட்டு ஆல்பம் போட ஆசப்பட்டுச்சு. ஸ்டூடியோ எதுன்னா, வாய் ஒடஞ்ச ஒரு பானை. அத ஒடச்சது ஒரு ஆடு. கல்யாணப் பந்தல்ல பூந்து மாப்பிள்ள மாலையத் தின்னுட்டு ஓடியாந்த ஆடு அது. அந்த மாப்பிள்ள இருக்கானே... சரி, அது வேற கதை.

ரெக்கார்டிங் மெஷினு ஒரு மைனா. ஒரு தடவ கேட்டா அப்படியே மனசுல ஏத்திக்கும். அது பறந்துபோய் மரத்துக்கு மரம் பாடுனா ஆல்பம் ரிலீஸ்!

மழை வந்துட்டா ஊர்த் தவளையெல்லாம் கத்த ஆரம்பிச்சிடும், அப்புறம் இவங்க பாட்ட யாரு கேப்பா? அந்த அவசரத்துல பானைக்குள்ள ஒரே சண்டை.

"டேய், ஒன் ரெக்கை மூக்குல குத்துது, தள்ளி உக்காருடா!"

"தாளத்த விட்டது நீ, திட்டு எனக்கா அண்ணே?"

மழைக்கு மொத நாளு மைனா பறந்துபோய்ப் பாடுச்சு. எது பாட்டு, எது சண்டைன்னு அதுக்கு யாரும் சொல்லல. எல்லாத்தையும் சேத்தே பாடிருச்சு.

"மானம் போச்சுடா சின்னா"ன்னு தவளை பானைக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு.

கொஞ்ச நேரத்துல ஒரு அணில் எட்டிப் பாத்துச்சு. "அண்ணே, வெளிய ஒரே கூட்டம். அந்த 'தள்ளி உக்காரு' பாட்ட நேர்ல ஒரு தடவ கேக்கணுமாம்!"

ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிச்சு. சின்னான் ரெக்கையால தாளம் போட்டுச்சு. பெத்தண்ணன் வெளிய வந்து, கண்ண மூடிக்கிட்டு, உருக்கமா இழுத்துச்சு: "தள்...ளீ... உக்காருடா!"