சாத்திய கதவு

மாட்டினி முடியப்போகிறது. திரையில் நாயகி அப்பாவின் அறைக்குள் போகிறாள், கதவு சாத்திக்கொள்கிறது, சட்டென்று கொட்டகையில் விளக்கு எரிகிறது. கடைசி ரீல் இன்னொரு தியேட்டரிலிருந்து சைக்கிளில் வந்து சேரவில்லை. ஆண்கள் பக்கம் விசில் பறக்கிறது. பெண்கள் பெஞ்சில் சுசீலாபாய் கைக்குட்டையை முறுக்கிப் பிழிகிறாள். வாசல் திரையின் கிழிசல் வழியே விழுந்த வெயில் அவள் பாதத்தைத் தாண்டிச் சரிந்துவிட்டது. ஆறு மணிக்கு மார்த்தாண்டம் பஸ்ஸில் அவளுடைய அப்பா தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவார். தான் கட்டிக்கொள்ள நினைக்கும் லிங்கத்தைப் பற்றி இன்றைக்கு அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். லிங்கம் திருநீறு பூசுகிறவன்; அப்பாவோ கிறிஸ்தவச் சபை மூப்பர். “முடிவு தெரிஞ்ச படத்துக்கு ரெண்டாந்தடவ வந்துட்டு எதுக்குட்டி இப்பிடி வெறைக்கே?” என்கிறாள் அவளோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் சரசம்மா. “தகப்பன் சிரிப்பாரு, மாலை மாத்துவாவ, அவ்வளவுதானே?” போன வாரம் அந்தச் சிரிப்பில் இவளும் மனம் குளிர்ந்து சிரித்தவள்தான். ஆனால் அறைக்குள்ளே அந்த நாயகி அப்பாவிடம் என்ன சொன்னாள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள்.

ரீல் வந்துவிட, விளக்கு அணைகிறது. ஒளிக்கற்றையில் பீடிப்புகை நீந்துகிறது. திரையில் கதவு திறக்கிறது; மகளின் தோளை அணைத்தபடி, சிரித்துக்கொண்டே அப்பா வெளியே வருகிறார். நாதஸ்வரம் முழங்குகிறது, கொட்டகையே கைதட்டுகிறது. “எக்கா, உள்ள அவ என்ன சொன்னா?” என்று சுசீலாபாய் சரசம்மாவின் கையைப் பிடித்து உலுக்குகிறாள். “அதொண்ணும் காட்டமாட்டாவ, மோளே,” என்று சொல்லி, சிரித்த முகத்தோடு கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் சரசம்மா.